பக்கிங்காம் கால்வாய் பற்றி ஒரு புத்தகத் திட்டம்: பதிப்பாளர் கைக்குப் போகும் முன் நடந்தவை

தமிழில் அபுனைவு, அதாவது கதையல்லாத நூல்கள், எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முழுக் கைப்பிரதியையும் முடித்துவிட்டுத்தான் பதிப்பாளரைத் தேடுகிறார்கள். கட்டுரைத் தொகுப்புக்கும் நினைவுக் குறிப்புகளுக்கும் அது போதும். ஆவணக் காப்பகத்தில் மாதக்கணக்கில் உட்கார வேண்டிய, படத்துக்கும் வரைபடத்துக்கும் செலவு பிடிக்கிற புத்தகத்துக்கு அந்த வழி சரிப்படாது. இரண்டு வருடம் உழைத்த பிறகு "இவ்வளவு பெரிதாகப் போட முடியாது சார்" என்று கேட்க நேர்ந்தால் அந்த உழைப்பில் பாதி வீண். தொடங்கும்போதே என்ன புத்தகம், எத்தனை பக்கம், எப்போது கையில் கிடைக்கும் என்று எழுத்தில் பேசி முடித்துவிடுவது இரண்டு தரப்புக்கும் நல்லது. அதற்குத்தான் புத்தக முன்மொழிவு.

இங்கே சொல்லப்போவது அப்படி ஒரு முன்மொழிவு உருவான விதம். கைப்பிரதிகளைப் படித்துச் செப்பனிட்டுக் கொடுப்பது என் தொழில். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பக்கிங்காம் கால்வாய் பற்றி எழுத விரும்பினார். சென்னைப் பதிப்பகம் ஒன்று ஆர்வம் காட்டியது, "முதலில் திட்டத்தை எழுதிக் கொடுங்கள், பார்க்கிறோம்" என்றது. அங்கிருந்து அவர் என்னிடம் வந்தார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆள் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் விட்டுவிட்டேன்.

முதல் வடிவம்

அவர் கொண்டுவந்தது நல்ல தாளில் அழகாகத் தட்டச்சு செய்த நீண்ட குறிப்பு. அதன் முதல் பத்தி இப்படி:

"பக்கிங்காம் கால்வாய் தென்னிந்தியாவின் முக்கிய நீர்வழிகளுள் ஒன்றாகும். 1806-ஆம் ஆண்டு பேசில் காக்ரேன் என்பவரால் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே அமைக்கப்பட்ட இக்கால்வாய், பின்னர் படிப்படியாக நீட்டிக்கப்பட்டு ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. நீளம் கொண்டதாக விளங்கியது. இந்நூல் கால்வாயின் வரலாறு, பொறியியல், வணிகம், சுற்றுச்சூழல் ஆகிய அனைத்தையும் விரிவாக ஆராய்கிறது."

இதில் தவறு எதுவும் இல்லை. அடுத்த பக்கங்களிலும் அப்படித்தான். சென்னைக்கு விறகும் உப்பும் கிளிஞ்சலும் படகில் வந்தது, படகுகள் வந்து நின்ற நீர்த்தேக்கத்தால் பேசின் பிரிட்ஜுக்குப் பெயர் வந்தது, பாரதிதாசன் இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனதைப் பாட்டாக எழுதியது, பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கியது, 2008-ல் தேசிய நீர்வழி 4-ன் பகுதியாக அறிவிக்கப்பட்டது என்று எல்லாம் இருந்தது. ஆனால் பதிப்பாளர் இதைப் படித்துவிட்டு என்ன செய்வார்? தலைப்பு தெரிந்துவிட்டது, தகவல் நிறைய இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. இந்தப் புத்தகம் எதைத் தேடிப் போகிறது என்பது மட்டும் தெரியவில்லை. "அனைத்தையும் விரிவாக ஆராய்கிறது" என்ற வரியைப் பார்த்தாலே அனுபவமுள்ள பதிப்பாசிரியர் தாளைக் கீழே வைத்துவிடுவார். அனைத்தையும் ஆராயும் புத்தகம் எங்கே முடியும் என்று எழுதுகிறவருக்கே தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

நான் பார்த்த பல முன்மொழிவுகள் நின்றுபோகும் இடம் இதுதான். பொருள் இருக்கும், ஈடுபாடும் இருக்கும். கேள்வி இருக்காது.

கேள்வி கிடைத்த இடம்

அந்தக் குறிப்பின் நடுவில் இரண்டு வரி இருந்தது. 1876–78 பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் 8 கி.மீ. கால்வாய் வெட்டி இரண்டு பக்கத்தையும் இணைத்தார்கள், அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகன் பெயர் வைக்கப்பட்டது. அவ்வளவுதான். அடுத்த வரியில் படகுப் போக்குவரத்து தொடங்கிவிடுகிறது.

"இதை வெட்டினவங்க யார் சார்? என்ன கூலி?" என்று கேட்டேன்.

அவருக்கு அது தெரிந்தே இருந்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிகள் வாயில் தங்கிப்போன அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் இறந்தவர்களின் எண்ணிக்கையை 55 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை பலவிதமாக மதிப்பிட்டிருக்கிறார்கள். 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் நடத்தினார். அதே மாதம் பஞ்சச் செலவைக் கட்டுப்படுத்த சர் ரிச்சர்ட் டெம்பிள் தெற்கே அனுப்பப்பட்டார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியத்துக்கான காசும் மேலே ஓர் அணாவும் போதும் என்று அவர் முடிவு செய்தார். ஒரு ராத்தல் என்றால் சுமார் 450 கிராம். மதராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்து எழுதினார். வேலை செய்கிற உடம்புக்கு ஒன்றரை ராத்தலாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பொறியாளர் தன் பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். அதில் ஒரு பக்கம் முழுக்கக் கணக்கு. கால்வாயின் மேலகலம், அடியகலம், ஆழம், அதை வைத்து ஒரு மைலுக்கு எத்தனை கன அடி மண். அதற்குக் கீழே, ஒரு ராத்தல் தானியம் தின்றவர் ஒரு நாளில் எத்தனை கன அடி வெட்டிக் கரையேற்றியிருக்க முடியும் என்று பென்சிலில் ஒரு வரி. வரிக்கு முன்னால் கேள்விக்குறி. வேலையில் இருந்த காலத்தில் மண்வேலைக்கு மதிப்பீடு போட்டுப் பழகிய கை அது.

"இதை ஏன் சார் முன்மொழிவில போடல?"

"இது என் சொந்தக் கணக்குங்க. வரலாற்றுக்காரங்க ஒத்துக்குவாங்களோ என்னவோன்னு விட்டுட்டேன்."

எனக்கு அந்தப் பக்கம்தான் புத்தகமாகத் தெரிந்தது. பஞ்சத்தைப் பற்றி வரலாற்றாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். கால்வாயைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். வெட்டிய மண்ணின் கன அளவையும் தின்ற தானியத்தின் எடையையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கும் ஆள் கிடைப்பது அரிது. பொறியியல் தெரிந்தவருக்குத்தான் அந்தக் கேள்வியே தோன்றும். முன்மொழிவில் ஆசிரியர் குறிப்பு என்று ஒரு பகுதி உண்டு. அதில் பலரும் பட்டத்தையும் பதவியையும் வரிசையாக அடுக்குவார்கள். பதிப்பாளருக்கு வேண்டியது இந்தப் புத்தகத்தை இவர் ஏன் எழுத வேண்டும் என்பதற்கான காரணம். அந்த நோட்டுப் பக்கமே அதற்குப் போதுமான பதில். முன்மொழிவோடு அதன் நகலை இணைத்தோம்.

முதல் பத்தியை அவரே திரும்ப எழுதினார். நான் இரண்டு இடத்தில் மட்டும் சொல் மாற்றினேன்:

"1877-ல் பசியோடு வந்தவர்கள் கையில் அரசு மண்வெட்டியைக் கொடுத்தது. அவர்கள் வெட்டிய எட்டு கிலோமீட்டர் இன்றும் சென்னைக்கு நடுவே கிடக்கிறது, அதன் மேல் ரயில் ஓடுகிறது. அவர்களுக்குக் கொடுத்த கூலியில் அந்த வேலையைச் செய்திருக்க முடியுமா என்று ஒரு பொறியாளராக நான் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். அந்தக் கணக்கு எங்கெல்லாம் இட்டுச் சென்றதோ அதுவே இந்தப் புத்தகம்."

முந்தைய பத்தியில் இருந்த 1806, 420 கி.மீ. எல்லாம் போய்விட்டன. உள்ளே உரிய இடத்தில் வரும். படித்தவர் "முடியுமா?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்ப வேண்டும், முதல் பத்திக்கு அதைவிட வேறு வேலை கிடையாது.

அத்தியாயத் திட்டம்

அதிக நேரம் பிடித்த பகுதி இதுதான், பிடிக்கவும் வேண்டும். அவருடைய முதல் திட்டம் ஆண்டு வரிசையில் போனது. காக்ரேன் காலம், நீட்டிப்புகள், பஞ்சம், படகுக் காலம், ரயிலும் லாரியும் வந்தபின் சரிவு, 1960-களின் புயல்கள், பறக்கும் ரயில், 2004 சுனாமி, இன்றைய சாக்கடை நிலை. இப்படிப் போனால் நாம் பிடித்த கேள்வி மூன்றாவது அத்தியாயத்தில் வந்து அங்கேயே முடிந்துவிடும். மீதி அத்தியாயங்கள் ஏன் இருக்கின்றன என்று பதிப்பாளர் கேட்டால் பதில் இல்லை.

இட வரிசையில் போகலாமா என்றும் யோசித்தோம். வடக்கே தொடங்கி மரக்காணத்தில் முடிப்பது. பயண நூலாக அது நன்றாக வரும், கணக்கு சிதறிப்போகும். கடைசியில் வந்து நின்றது வேறு. பஞ்சம் நடந்த இரண்டு ஆண்டுகளைப் புத்தகத்தின் உடலாக வைத்து, கூலி, மண், தானியம், நோய், பதிவேடு என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வது. காக்ரேனின் கால்வாய் ஒரே அத்தியாயத்தில் முன்னால் வந்துவிடும். பிற்காலம் இரண்டு அத்தியாயத்தில் முடியும். அதில் ஒன்று, 1880-ல் பஞ்ச ஆணையமும் 1883-ல் பஞ்ச விதித்தொகுப்பும் வந்ததையும், வேலை கொடுத்துக் கூலி தருவது என்ற ஏற்பாடு 2005-ன் ஊரக வேலை உறுதிச் சட்டம் வரை எப்படியெல்லாம் உருமாறியது என்பதையும் பார்க்கும். நூறு நாள் வேலையிலும் வெட்டிய மண்ணை அளந்துதானே கூலி கணக்கிட்டார்கள்? அந்த அளவு நாடாவின் பழைய கதை இங்கே இருக்கிறது என்று பொறியாளர் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அத்தியாயச் சுருக்கம் எழுதும்போது எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவார்கள்: "இந்த அத்தியாயத்தில் கூலி முறை பற்றி விவாதிக்கப்படும்." இது பொருளடக்கத்தை நீட்டி எழுதுவதே தவிரச் சுருக்கம் ஆகாது. அத்தியாயம் என்ன சொல்லப்போகிறதோ அதையே எழுத வேண்டும். "கூலி" அத்தியாயத்துக்கு நாங்கள் எழுதியது:

"டெம்பிள் நிர்ணயித்த ஒரு ராத்தலும் கார்னிஷ் கேட்ட ஒன்றரை ராத்தலும் ஒரே அரசின் காகிதங்களில் எதிரெதிரே நின்றன. இருவரும் உடம்பைப் பற்றியே பேசினார்கள். ஒருவர் உயிரோடு இருக்க எவ்வளவு என்று கேட்டார். மற்றவர் மண் சுமக்க எவ்வளவு என்று கேட்டார். வேலைத்தளத்தில் அளவுக்கோலோடு நின்ற மேற்பார்வையாளருக்கு எந்தக் கணக்கு வந்து சேர்ந்தது என்பதை இந்த அத்தியாயம் பின்தொடர்கிறது."

ஐந்து வரிதான். பதிப்பாசிரியர் பிறகு தொலைபேசியில் பேசும்போது இந்த ஐந்து வரியைத்தான் முதலில் குறிப்பிட்டார்.

ஆதாரங்களும் இல்லாத குரல்களும்

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று எங்கே என்ன பார்க்கப்போகிறார் என்பதைப் பொறியாளர் தெளிவாக எழுதியிருந்தார். வருவாய்த் துறை, பொதுப்பணித் துறை நடவடிக்கைப் பதிவுகளில் எதைப் பார்த்தாயிற்று, எது பாக்கி என்று பிரித்துக் காட்டும்படி மட்டும் சொன்னேன். பதிப்பாளர் இதைப் பார்த்துத்தான் சொன்ன தேதிக்குப் புத்தகம் வருமா என்று எடை போடுவார்.

இன்னொன்றை வெளிப்படையாக எழுதச் சொன்னேன். கால்வாய் வெட்டியவர்கள் தாங்களே எழுதிவைத்தது எதுவும் அவர் கைக்கு வரவில்லை. அவர்களைப் பற்றி அதிகாரிகள் எழுதியதுதான் இருக்கிறது. பஞ்சத்தைப் பாடிய கும்மிகளும் சிந்துகளும் தமிழில் அச்சாகியிருக்கின்றன, அவை பசியைச் சொல்லும், வேலைத்தளத்துக்குள் அதிகம் போகாது. இந்த இடைவெளியைப் புத்தகம் கற்பனையால் நிரப்பாது, இடைவெளியை இடைவெளியாகவே காட்டும் என்று முன்மொழிவில் ஒரு பத்தி வைத்தோம். குறையை மறைத்தால் விற்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. படிக்கத் தெரிந்த பதிப்பாசிரியர் அதைக் கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார்.

படங்கள் விஷயம் நீண்ட பேச்சுக்கு உள்ளானது. பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருப்பவர்களை ராணுவ அதிகாரி ஹூப்பர் எடுத்த புகைப்படங்கள் பலருக்கும் தெரிந்தவை. பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் உரிமை. நல்ல தெளிவில் பிரதி வேண்டுமென்றால் வைத்திருக்கும் நிறுவனத்திடம் கட்டணம் கட்ட வேண்டியிருக்கலாம், அதற்கு ஒரு தொகையை ஒதுக்கிக் காட்டினோம். பதிப்பகம் அதில் ஒன்றை அட்டையில் போட விரும்பியது. பொறியாளர் மறுத்துவிட்டார். பெயர் கூடப் பதியப்படாத ஒருவரின் பட்டினி உடம்பைக் கடை அலமாரியில் ஆள் இழுக்க வைப்பது தன்னால் முடியாது என்றார். நான் அவர் பக்கம். உள்ளே, எடுத்தவர் யார், எதற்கு எடுத்தார் என்ற விவரத்தோடு ஓரிரண்டு படம் வரும். அட்டைக்குக் கால்வாயின் குறுக்குவெட்டு வரைபடத்தை முன்மொழிந்தோம்.

சந்தையும் பக்கக் கணக்கும்

இந்தப் பகுதியைச் சுருக்கமாக வைத்தோம். "இதுபோன்ற நூல் தமிழில் வந்ததே இல்லை" என்ற வரியை எடுத்துவிட்டோம். வரவில்லை என்றால் வாங்க ஆளில்லையோ என்றும் பதிப்பாளர் நினைக்கலாம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையின் நீர்நிலைகளைப் பற்றித் தேடிப் படிக்கிறவர்கள், சென்னை வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள், நீர்வளத் துறைப் பொறியாளர்கள், சமூக வரலாறு படிக்கும் மாணவர்கள் என்று நான்கு கூட்டத்தைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் எந்த வழியில் போய்ச் சேர முடியும் என்று ஒரு வரி சேர்த்தோம். அரசு நூலகங்களுக்கு மொத்தமாக வாங்கும் நூலக ஆணையை நம்பி எந்தக் கணக்கும் போடவில்லை. அது வந்தால் வரட்டும்.

பக்க அளவு மட்டும் துல்லியமாக வேண்டும். தமிழில் விலை பக்கத்தை வைத்துத்தான் போகிறது. டெமி அளவில் 16 பக்கம் ஒரு பாரம். பொறியாளர் மனதில் இருந்தது 480 பக்கம், அதாவது 30 பாரம். அந்த விலைக்கு மாணவர்கள் வாங்க மாட்டார்கள். 20 பாரத்துக்குள், 320 பக்கத்தில் அடக்குவது என்று முடிவானது. படங்களுக்கு வழவழப்பான தாளில் தனியாக ஒரு பாரம். அட்டவணைகளைப் பின்னிணைப்புக்குத் தள்ளினோம். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவு கட்டாயம் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். தமிழ் அபுனைவில் சொல்லடைவை வெட்டிப் பக்கம் மிச்சம் பிடிப்பது வழக்கமாகிவிட்டது, ஆய்வாளர்களுக்கு அது செய்யும் அநியாயம்.

மாதிரி அத்தியாயம்

பெரும்பாலோர் முதல் அத்தியாயத்தை அனுப்புவார்கள். முதல் அத்தியாயம் எல்லோருக்கும் சுமாராக நன்றாகவே வரும், புத்தகம் தள்ளாடுவது நடுவில்தான். அதனால் "மண்" என்ற நடு அத்தியாயத்தை எழுதி இணைத்தோம். கணக்கு வருகிற அத்தியாயம் அது. எண்ணைக் கண்டு ஓடுகிற வாசகரையும் உட்கார வைக்க முடிகிறதா என்று பதிப்பாளருக்குக் காட்டவேண்டியது அங்கேதான். பொறியாளர், ஒரு தொழிலாளி கூடையில் சுமந்த மண்ணின் எடையில் தொடங்கி, ஒரு நாளில் எத்தனை நடை, எவ்வளவு உயரம் என்று மெதுவாகக் கட்டிக்கொண்டு போனார். மண் காய்ந்ததா ஈரமா என்பதற்கே கணக்கு எப்படி மாறும் என்று சொல்லும் பத்தி மிக அருமை. எங்கெங்கே ஊகம், எங்கெங்கே பதிவு என்பதை வாக்கியத்துக்குள்ளேயே பிரித்துச் சொல்லியிருந்தார்.

பதிப்பகத்தின் பதில்

சில வாரத்தில் பதில் வந்தது. எடுத்துக்கொள்கிறோம், ஆனால் ஆந்திரப் பகுதியை முழுதாக விட்டுவிடுங்கள் என்றார்கள். கால்வாயின் 257 கி.மீ. ஆந்திரத்தில்தான் இருக்கிறது, தமிழ்நாட்டில் 163 கி.மீ. அன்றைக்கு எல்லாம் ஒரே மதராஸ் மாகாணம், பஞ்சமும் எல்லை பார்த்து வரவில்லை. பொறியாளருக்கு இது வருத்தம். தெலுங்கு ஆவணங்களை அவரால் நேரடியாகப் படிக்க முடியாது என்ற பதிப்பாசிரியரின் வாதமும் நியாயமானதுதான். வடபகுதியை ஒரே அத்தியாயத்தில், ஆங்கிலப் பதிவுகளை மட்டும் வைத்து, அப்படி என்று சொல்லியே எழுதுவது என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன.

ராயல்டி வழக்கமான 10 சதவீதம். அதில் நாங்கள் வாதாடவில்லை. வாதாடியது இரண்டு இடத்தில். ஒப்பந்த வரைவில் எல்லா மொழி உரிமையும் பதிப்பகத்துக்கு என்று இருந்தது. 2023-லிருந்து சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி நடக்கிறது, தமிழிலிருந்து மொழிபெயர்க்க அரசு நல்கையும் தருகிறது. இந்தப் பொருளுக்குத் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் வாசகர்கள் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மொழிபெயர்ப்பு உரிமை ஆசிரியரிடம் இருக்கும், பதிப்பகம் முயன்று வாங்கித் தந்தால் வருவாயில் பங்கு என்று மாற்றினோம். இரண்டாவது, "கைப்பிரதி திருப்தியாக இல்லையெனில் பதிப்பகம் விலகலாம்" என்ற வரி. யார் திருப்தி, எதை வைத்து என்று அதில் இல்லை. முன்மொழிவையும் அத்தியாயத் திட்டத்தையும் ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்து, அதிலிருந்து கணிசமாக விலகினால்தான் மறுக்கலாம், அதற்கு முன் திருத்த மூன்று மாதம் தர வேண்டும் என்று எழுத வைத்தோம்.

ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு வர வேண்டுமானால் முழுப் பிரதி முந்தைய ஜூனுக்குள் பதிப்பாசிரியர் மேசைக்குப் போயாக வேண்டும். மெய்ப்பு, வரைபடம், சொல்லடைவு எல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்க முடியும். பொறியாளர் இப்போது வாரத்தில் சில நாள் எழும்பூருக்குப் போய்வருகிறார். "பதிவேடு" அத்தியாயத்துக்கான குறிப்புகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. முதல் மூன்று அத்தியாயங்கள் பதிப்பாசிரியரிடம் போய்விட்டன.